கடன்பட்ட பானை

மெக்சிகோவின் நடுப்பகுதியில், தலைநகரைச் சுற்றியுள்ள ஊர்களில், ‘மோலே தே ஓயா’ என்றொரு மாட்டிறைச்சிக் குழம்பு வீட்டுக்கு வீடு வேகிறது. எலும்போடு வெட்டிய முழங்கால் கறியை வெங்காயம், பூண்டு, உப்போடு தண்ணீரில் போட்டு, பொங்கிவரும் நுரையை வழித்தெடுத்து, இரண்டு மூன்று மணி நேரம் சிறுதீயில் விடுகிறார்கள். இன்னொரு பக்கம் குவாஹீயோ, ஆன்ச்சோ, பஸீயா என்னும் காய்ந்த மிளகாய்களைக் காம்பும் விதையும் நீக்கி, தட்டையான கல்லில் சில நொடிகள் வாட்டி, வெந்நீரில் ஊறவைத்து, சுட்ட தக்காளியோடு அரைத்து வடிகட்டுகிறார்கள். மிளகாய் கொஞ்சம் கருகினாலும் பானை முழுவதும் கசந்துவிடும்; நிறம் மாறி மணம் எழும்போதே எடுத்துவிட வேண்டும். அரைத்த விழுதைக் கொழுப்பில் வதக்கிப் பானையில் ஊற்றியபின், துண்டாக வெட்டிய மக்காச்சோளக் கதிர், சௌசௌ, பீன்ஸ், பிஞ்சுப் பூசணி, சோக்கோனோஸ்த்லே என்னும் புளிப்புக் கள்ளிப்பழம், கடைசியாக எபசோத்தே கீரை ஒரு கொத்து. தட்டில் நறுக்கிய பச்சை வெங்காயமும் எலுமிச்சையும் சூடான தோர்த்தியா என்னும் மக்காச்சோள ரொட்டியும் சேரும்.

இந்தப் பானைக்குள் இரண்டு உலகங்கள் இருக்கின்றன. மக்காச்சோளம், மிளகாய், தக்காளி, சௌசௌ, பீன்ஸ், பூசணி, கள்ளிப்பழம், எபசோத்தே எல்லாம் அந்த மண்ணின் பழங்குடிகள் வெகுகாலமாகப் பயிரிட்டும் பறித்தும் வந்தவை. மாடு, வெங்காயம், பூண்டு, எலுமிச்சை, வதக்கப் பயன்படும் பன்றிக்கொழுப்பு ஆகியவை கடல் கடந்து வந்தவை. அஸ்டெக் தலைநகரான தெனோச்தித்லான் 1521 ஆகஸ்ட் 13 அன்று ஸ்பானியத் தளபதி எர்னான் கோர்த்தேஸின் படைகளிடம் வீழ்ந்தது. அதற்கு முன்னர் அந்த நிலத்தில் மாட்டுக் குளம்பு பட்டதில்லை. வான்கோழியும் நாயும்தான் அங்கே உணவுக்காக வளர்க்கப்பட்ட முக்கிய விலங்குகள். கொலம்பஸின் இரண்டாம் பயணத்தில், 1493இல், கரீபியத் தீவுகளில் இறங்கிய மாடுகளின் வழிவந்தவையே பிறகு மெக்சிகோவுக்குள் நுழைந்தன. ஒரு படையெடுப்பு நடக்காமல் இந்தக் குழம்பு பிறந்திருக்க முடியாது. அந்தப் படையெடுப்பும் அதோடு வந்த பெரியம்மை முதலிய நோய்களும் ஒரு நூற்றாண்டுக்குள் பழங்குடி மக்களில் மிகப் பெரும்பாலோரை அழித்தன. இன்று அந்தக் குழம்பைச் சமைப்பவர்களில் பலர் வென்றவருக்கும் தோற்றவருக்கும் ஒருசேரப் பேரப்பிள்ளைகள். வன்முறையின் வழியே வந்துசேர்ந்த ஒரு நன்மையை மனச்சாட்சியுள்ள மனிதர் உண்ணலாமா? ‘இது தூயதா’ என்று கேட்கும்வரை இதற்கு விடை கிடைக்காது. ‘இதற்காக யாருக்கு என்ன கடன்பட்டிருக்கிறோம்’ என்று கேட்டால் விடை உண்டு என்பது என் துணிபு. சமயங்களின் வரலாற்றில் முதல் கேள்விதான் உரத்து ஒலித்திருக்கிறது. உணவைப் பற்றிய நேர்மையான சிந்தனைக்கு இடம்தருவது இரண்டாவது கேள்விதான்.

முதல் கேள்வி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஸ்பெயினே சாட்சி. யூதர், முஸ்லிம் வழிவந்தவர்களைப் பதவிகளிலிருந்தும் துறவு மடங்களிலிருந்தும் விலக்கிவைக்க ‘இரத்தத் தூய்மை’ என்னும் அளவுகோல் அங்கே வழக்கில் இருந்தது. இரத்தத்தைக் கண்ணால் பார்க்க முடியாதல்லவா, அதனால் அடுப்பைப் பார்த்தார்கள். பன்றிக்கறியை யார் ஒதுக்குகிறார், யார் வீட்டில் ஆலிவ் எண்ணெயில் தாளிக்கிறார்கள் என்று அண்டை வீட்டாரும் வேலைக்காரர்களும் விசாரணை மன்றத்தில் சாட்சி சொன்னார்கள். வெள்ளிக்கிழமை மாலையே அடுப்பில் ஏற்றி இரவெல்லாம் தணலில் விட்டு ஓய்வுநாளில் உண்ணும் ‘அடாஃபினா’ என்ற குழம்பு, ஞானஸ்நானம் பெற்ற ஒரு குடும்பம் மறைவாக யூதராகவே வாழ்கிறது என்பதற்கு அத்தாட்சியாக எடுத்துக்கொள்ளப்பட்டது. கொண்டைக்கடலையும் இறைச்சியும் வெந்த ஒரு பானைக்காக மனிதர்கள் சிறைப்பட்டார்கள். இதே மனநிலையோடுதான் ஸ்பானியர் அட்லாண்டிக்கைக் கடந்தார்கள். உடல் என்பது நான்கு நீர்மங்களின் சமநிலை, உண்ணும் உணவு அந்தச் சமநிலையை மாற்றும் என்பது அக்கால மருத்துவம். கோதுமை ரொட்டியும் திராட்சை ரசமும் ஆலிவ் எண்ணெயும் இன்றி மக்காச்சோளத்தையும் மரவள்ளியையும் தின்றுவந்தால் தங்கள் உடலே பழங்குடியர் உடலாகிவிடும் என்று குடியேறிகள் அஞ்சினார்கள். வரலாற்றாசிரியர் ரெபெக்கா எர்ல் 2012இல் வெளியிட்ட நூலில் இந்த அச்சத்தை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். தன் குடியிருப்பில் நோய் பரவியதற்கு ஸ்பெயின் உணவு கிடைக்காததே காரணம் என்று கொலம்பஸே எழுதினார்.

இந்த அச்சம் பீடத்தின் அருகிலும் வந்து நின்றது. நடு மெக்சிகோவின் பழங்குடிகளான நாவா மக்கள் தங்கள் திருவிழாக்களில் தண்டுக்கீரை விதை மாவைக் கற்றாழைப் பாகில் பிசைந்து தெய்வ உருவங்கள் செய்தார்கள். விட்ஸிலோபோச்த்லி தெய்வத்தின் மாவுத் திருமேனி உடைக்கப்பட்டு, தெய்வத்தின் சதையாகவே எண்ணி மக்களால் உண்ணப்பட்டது. இதைக் கேள்விப்பட்ட ஸ்பானியத் துறவிகள் திடுக்கிட்டார்கள். டொமினிக்கன் துறவி தியேகோ துரானும் இயேசு சபையின் ஹோசே தே அக்கோஸ்தாவும் இது அப்பத்தைக் கிறிஸ்துவின் உடலாக உண்ணும் நற்கருணையைப் போலவே இருப்பதைக் கண்டுகொண்டார்கள். ஒற்றுமையைச் சாத்தானின் போலி என்று விளக்கினார்கள். மாவுத் தெய்வங்கள் தடைசெய்யப்பட்டன. நற்கருணை அப்பம் கோதுமையால் மட்டுமே ஆனதாக இருக்க வேண்டும் என்பது திருச்சபையின் விதி. 1983இன் திருச்சபைச் சட்டத் தொகுப்பிலும் 924ஆம் விதியாக அது இருக்கிறது. மக்காச்சோளத்தால் ஆனவர்கள் என்று தங்களைக் கருதிய மக்கள், ஸ்பானியர் வரும்வரை அவர்கள் நிலத்தில் விளையாத தானியத்தின் வடிவில்தான் கடவுளைப் பெற வேண்டியிருந்தது.

இங்கே ஒரு மறுப்பு எழும், அது நியாயமானதும்கூட. கோதுமை விதி ஓர் இனத்தைத் தாழ்த்த ஏற்பட்டதல்ல. இறுதி இராவுணவில் இயேசு கையிலெடுத்த அப்பத்தோடு தொடர்ச்சி அறுந்துவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம். ஒரு சடங்கு தன் தொடக்கத்துக்கு உண்மையாக இருக்க விரும்புவதை நான் குறைகூற மாட்டேன். தொடக்கத்துக்கு உண்மையாக இருப்பது வேறு, அந்தத் தொடக்கத்தில் பங்கில்லாதவரைக் குறையுள்ளவராகக் கருதுவது வேறு. முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு மனம் எவ்வளவு எளிதாக நழுவுகிறது என்பதுதான் கவலை. கிறிஸ்தவ மரபுக்குள்ளேயே இந்த நழுவலுக்கு எதிரான எச்சரிக்கை இருக்கிறது. திருத்தூதர் பணிகள் நூலில் பேதுரு காணும் காட்சியில், தூயதென்றும் தீட்டென்றும் பிரித்த விலங்குகள் எல்லாம் ஒரே விரிப்பில் இறங்கிவருகின்றன, கொன்று உண்ணும்படி குரல் எழுகிறது. பேதுரு அதை உணவைப் பற்றிய செய்தியாக மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. எந்த மனிதரையும் தீட்டுள்ளவர் என்று சொல்லக் கூடாது என்பதே தனக்குக் காட்டப்பட்டது என்று புரிந்துகொள்கிறார். பவுல் இன்னும் ஒருபடி மேலே போகிறார். சிலைகளுக்குப் படைத்த இறைச்சியை உண்ணலாமா என்று கொரிந்து நகரத்தார் கேட்டபோது, சிலை ஒன்றுமில்லை, ஆகையால் இறைச்சியில் தீட்டில்லை என்று அவர் முதலில் ஒப்புக்கொள்கிறார். ஆனால் அங்கே நிறுத்திக்கொள்ளவில்லை. நான் உண்பது பலவீனமான மனச்சாட்சியுடைய சகோதரனை இடறச் செய்யுமானால் இறைச்சியே உண்ண மாட்டேன் என்கிறார். தட்டில் இருக்கும் பொருளிலிருந்து பக்கத்தில் இருக்கும் மனிதருக்குக் கேள்வி இடம் மாறிவிட்டது. இந்தத் திருப்பத்தை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு துறவிகள் மெக்சிகோவில் இறங்கியிருந்தால், பழங்குடிகளின் அடுப்படியில் அவர்கள் கற்றிருக்கக் கூடியவை ஏராளம்.

அவர்களில் ஒருவர் கற்கவும் செய்தார். பிரான்சிஸ்கன் துறவி பெர்னார்தினோ தே சஹாகூன் 1529இல் மெக்சிகோவுக்கு வந்தார். நாவா முதியவர்களிடம் கேட்டு, நாவாத்தல் மொழியிலேயே எழுதச் செய்து, 1570களில் பன்னிரண்டு புத்தகங்களாக அவர் தொகுத்த பெருநூல் இன்று ஃபுளோரன்ஸ் நகர நூலகத்தில் இருக்கிறது. நாவாச் சமயத்தைச் சாத்தானின் வேலை என்றே அவரும் நம்பினார். ஆயினும் கேட்டதை ஒதுக்காமல் பதிவுசெய்தார். அதில் சமையலறை வழக்கங்கள் சில உண்டு. மக்காச்சோளத்தைப் பானையில் போடுமுன் பெண்கள் அதன்மேல் தங்கள் மூச்சை மெல்ல ஊதுவார்கள். அப்படிச் செய்தால் தானியம் தைரியம் கொள்ளும், தீயைக் கண்டு அஞ்சாது. தரையில் சோளமணி சிந்திக் கிடக்கக் கண்டால் உடனே பொறுக்கி எடுக்க வேண்டும். பொறுக்காமல் போனால் அந்த மணி கடவுளிடம் முறையிடும், கண்டவர் பசியால் தண்டிக்கப்படுவார். இவற்றை மூடநம்பிக்கைகளின் பட்டியலில்தான் சஹாகூன் சேர்த்தார். என் பார்வையில் உணவைப் பற்றி மனிதர் எண்ணியவற்றுள் மிக உயர்ந்த சிந்தனைகளுள் இவையும் அடங்கும். உண்ணப்படுவதற்கு ஓர் அச்சம் உண்டு, ஒரு முறையீடு உண்டு, அதைக் கேட்க ஒருவர் இருக்கிறார் என்று சமைப்பவர் நினைக்கிறார். தானியம் தூயதா என்ற எண்ணமே அங்கே இல்லை. நமக்காக அது தீயில் இறங்குகிறது, நாம் அதற்கு என்ன செய்யப் போகிறோம் என்ற எண்ணம் மட்டும் இருக்கிறது. பூமியை நாம் தின்கிறோம், முடிவில் பூமி நம்மைத் தின்னும் என்ற கருத்து புவெப்லா மலைப்பகுதியின் நாவா மக்களிடம் அண்மைக்காலம்வரை வாழ்ந்துவந்திருக்கிறது.

கடன் என்ற இதே எண்ணம்தானே மனிதப் பலிக்கும் அடிப்படையாக இருந்தது என்று ஒருவர் கேட்கலாம். என் வாதத்துக்கு எதிரான மிக வலுவான கேள்வி இது. தெய்வங்கள் தங்கள் உயிரைக் கொடுத்து உலகை இயக்கினார்கள், அந்தக் கடனை இரத்தத்தால் அடைக்க வேண்டும் என்று நாவாப் பூசாரிகள் நம்பியதும், போரில் பிடிபட்டவர்களைக் கோயில் உச்சியில் கொன்றதும் உண்மை. இதை மழுப்ப எனக்கு விருப்பமில்லை. ஆனால் அதே நாவாச் சமயத்துக்குள் இன்னொரு வழக்கமும் இருந்தது. கற்றாழை முள்ளால் தங்கள் காதையும் நாக்கையும் குத்தி, தங்கள் சொந்த இரத்தத்தையே செலுத்துவது. அரசனும் பூசாரியும் எளிய குடியானவரும் அதைச் செய்தார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கடன் என்ற சிந்தனை எங்கே கோணலாகிறது என்பது தெரிந்துவிடும். பட்ட கடனைத் தன்னிடமிருந்து அடைப்பவர் கடனாளி. அடுத்தவர் உயிரை எடுத்து அடைப்பவர் புதிய கடனொன்றை ஏற்படுத்துகிறார். ஸ்பானியரும் இதே தவற்றைச் செய்தார்கள். கிறிஸ்தவத்தைக் கொண்டுவந்ததற்கு ஈடாகப் பழங்குடிகளிடம் உழைப்பையும் திறையையும் வசூலித்தார்கள். கடன்பட்டவர்கள் தாங்களே என்ற எண்ணம் அவர்களில் மிகச் சிலருக்கே வந்தது. ஆக, எந்தக் கடன் கணக்கிலும் முதலில் பார்க்க வேண்டியது, யார் கையிலிருந்து அது அடைபடுகிறது என்பது.

மாட்டின் கதைக்குத் திரும்புவோம், ஏனெனில் கடன் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகர்வது எளிது. மெக்சிகோவில் இறங்கிய மாடுகளும் ஆடுகளும் பகைவிலங்கு குறைந்த புல்வெளிகளில் வியக்கத்தக்க வேகத்தில் பெருகின. வேலியில்லாத பழங்குடி வயல்களில் புகுந்து இளம் மக்காச்சோளத்தை மேய்ந்தன. முறையீடுகள் குவிந்ததால், 1550இல் பொறுப்பேற்ற வைஸ்ராய் லூயிஸ் தே வெலாஸ்கோ கால்நடைகளைப் பழங்குடிக் கிராமங்களிலிருந்து தள்ளிவைக்க ஆணைகள் பிறப்பித்தார். மெஸ்கித்தால் பள்ளத்தாக்கில் பாசன வயல்களாக இருந்த நிலம் 16ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் ஆட்டு மந்தைகளால் முட்புதர்க் காடாக மாறியது என்று வரலாற்றாசிரியர் எலினோர் மெல்வில் 1994இல் வெளியான ஆய்வில் வாதிட்டார். மனிதர்கள் நோயால் மடிந்து காலியான நிலத்தை விலங்குகள் நிரப்பின. மெக்சிகோ நகரில் மாட்டிறைச்சி மிக மலிவாகக் கிடைத்ததன் பின்னணி இதுதான். எலும்போடு வெட்டிய முழங்கால் கறி ஏழைக் குடும்பத்தின் பானைக்குள் வந்ததும் இந்த மலிவால்தான்.

கடன் என்று ஒப்புக்கொண்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா, திருடியவன் ‘கடன்பட்டிருக்கிறேன்’ என்று பணிவோடு சொல்லிக்கொண்டு பொருளைத் தானே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பவர் சரியான இடத்தில்தான் கைவைக்கிறார். கடன் என்பது உணர்ச்சியோடு நின்றால் அது ஏமாற்று. மக்காச்சோளத்தை உருவாக்கியவர்களுக்குப் பட்ட கடன், அவர்கள் வழிவந்தவர்கள் அதைப் பயிரிட்டுப் பிழைக்க முடிகிறதா என்பதில் சோதிக்கப்படுகிறது. 1994இல் நடைமுறைக்கு வந்த வட அமெரிக்கத் தடையற்ற வணிக ஒப்பந்தத்துக்குப் பின் அமெரிக்க மக்காச்சோளம் பெருமளவில் மெக்சிகோவுக்குள் இறக்குமதியாயிற்று. சிறு விவசாயிகள் விலைவீழ்ச்சியில் நொடித்தார்கள். மரபணு மாற்றிய மக்காச்சோளத்தை நாட்டில் பயிரிடத் தடைவிதித்து 2025இல் மெக்சிகோ தன் அரசமைப்பையே திருத்தியது. அதன் பொருளாதாரப் பலன் குறித்து வாதிடலாம். ஒரு தானியத்துக்குப் பட்ட கடனை ஒரு நாடு சட்டமாக எழுதிப் பார்த்திருக்கிறது என்பதை மறுக்க முடியாது.

பொருளை எடுத்துக்கொண்டு அதனோடு வரும் அறிவை மதிக்காமல் விடுவதும் அடைக்காத கடன்தான். இதற்கு வரலாறு கொடுத்த தண்டனை மிகக் கடுமையானது. மெக்சிகோப் பெண்கள் உலர்ந்த மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவெல்லாம் ஊறவிட்டு, தோலைத் தேய்த்துக் கழுவி, பிறகே அம்மியில் அரைக்கிறார்கள். தோர்த்தியாவுக்கான மாவு அப்படித்தான் உருவாகிறது. அந்தச் சுண்ணாம்பு, தானியத்தில் கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்ற உயிர்ச்சத்தை உடல் ஏற்கும்படி விடுவிக்கிறது. ஐரோப்பியர் மக்காச்சோளத்தை விரும்பி எடுத்துச் சென்றார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். விளைவு பெலாக்ரா. தோல் வெடித்து, வயிறு கெட்டு, அறிவு பேதலித்து, இறுதியில் சாவு. ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதி மருத்துவர் காஸ்பர் கசால் 1735இல் அந்த நோயை விவரித்தார். வடக்கு இத்தாலியின் ஏழை உழவர்களையும், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென்மாநில ஏழைகளையும் அது வாட்டியது. மக்காச்சோளமே கெட்ட தானியம் என்று பழி வேறு போட்டார்கள். மெக்சிகோவின் எழுத்தாளரும் அரசியலருமான ஃபிரான்சிஸ்கோ புல்னெஸ் 1899இல் மனிதகுலத்தைக் கோதுமை, அரிசி, மக்காச்சோளம் என மூன்று இனங்களாகப் பிரித்து, மக்காச்சோளம் உண்பவர்களின் பின்தங்கலுக்கு அந்தத் தானியமே காரணம் என்றார். சுமார் அரை நூற்றாண்டு கழித்து, அதே மெஸ்கித்தால் பள்ளத்தாக்கில் ஓத்தோமி மக்களின் உணவை ஆராய்ந்த ஊட்டச்சத்து அறிஞர்கள், மிக வறிய அந்த மக்கள் தோர்த்தியாவும் காட்டுக்கீரையும் கற்றாழைக் கள்ளும் கொண்டே பெருமளவு போதிய ஊட்டம் பெறுகிறார்கள் என்று 1946இல் எழுதினார்கள். தானியத்தைக் குலம்பார்த்து எடைபோட்டவரின் முடிவு பிழையாயிற்று. பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தவர்களே உண்மையைக் கண்டார்கள்.

தமிழருக்கும் இதில் பங்குண்டு. மெக்சிகோவின் மிளகாய் 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியாக இந்தியக் கரைக்கு வந்தது. இன்று அது இல்லாத தமிழ்ச் சமையலறை இல்லை. சௌசௌக் கூட்டும் தக்காளி ரசமும் அந்தப் பெருநிலம் நமக்குத் தந்தவையே. பல பிராமணக் குடும்பங்களின் திவசச் சமையலில் மட்டும் இன்றும் மிளகாய்க்கு இடமில்லை. மிளகு போடுகிறார்கள், தக்காளியும் உருளைக்கிழங்கும் விலக்கு. முன்னோர் அறிந்த சுவையையே முன்னோருக்குப் படைக்க வேண்டும் என்ற அந்தப் பற்றில் தவறு ஏதும் இல்லை. நற்கருணைக் கோதுமை பற்றி நான் சொன்னது இதற்கும் பொருந்தும். ஆனால் தூய்மைக் கேள்வி உணவிலிருந்து உண்பவர்மேல் நழுவிய கதை நம்மிடம் ஸ்பெயினைவிட நீளமானது. மாட்டிறைச்சி உண்டவர்களே தீண்டப்படாதவர்களாக்கப்பட்டார்கள் என்று அம்பேத்கர் 1948இல் எழுதிய நூலில் விரிவாக வாதிட்டார். அவர் வரலாற்று விளக்கத்தின் எல்லாப் பகுதிகளையும் எல்லா அறிஞர்களும் ஏற்பதில்லை. ஆனால் ஒரு பானையில் என்ன வேகிறது என்பதை வைத்து அந்தத் தெருவையே ஒதுக்கிய வழக்கத்தை மறுக்க எந்த அறிஞராலும் முடியாது. எனவே மெக்சிகோவின் மாட்டிறைச்சிக் குழம்பைப் பற்றித் தமிழில் எழுதும்போது, தூய்மை என்ற சொல் நம் நாவில் எவ்வளவு எளிதாக வந்துவிடுகிறது என்பதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

இன்னும் ஒரு மறுப்பு மிஞ்சியிருக்கிறது, எல்லாவற்றிலும் கனமானது. மக்காச்சோளத்தை விளைவித்தவர்களுக்கு விலையாகவும் நிலமாகவும் கடனை அடைக்கலாம், அறிவைத் தந்தவர்களுக்கு மதிப்பால் அடைக்கலாம், மாட்டுக்கு எப்படி அடைப்பது? இறந்த விலங்குக்குத் திருப்பிக் கொடுக்க எதுவும் இல்லை. கடன் என்ற அளவுகோலை ஒழுங்காகப் பிடித்தால் கொல்லாமையில்தான் போய் முடிய வேண்டாமா? திருக்குறள் புலால் மறுத்தலைத் தனி அதிகாரமாக வைத்ததும் சமணரும் பௌத்தரும் உயிர்க்கொலையை மறுத்து வாதாடியதும் இந்த இடத்திலிருந்துதான் வலிமை பெறுகின்றன. இதற்கு என்னிடம் முழுமையான மறுமொழி இல்லை என்பதைவிட, இதற்கு முழுமையான மறுமொழியே கிடையாது என்று நினைக்கிறேன். விலங்கின் கடன் அடைபடாத கடன். அதனால் இறைச்சியே வேண்டாம் என்பவரின் நிலை இந்த வாதத்துக்கு உள்ளேயே உறுதியாக நிற்கிறது. நான் கேட்பது ஒன்றுதான்: அவர் எந்தக் கேள்வியிலிருந்து அந்த முடிவுக்கு வந்தார்? ‘அந்த உயிருக்கு என்னால் ஈடு செய்ய முடியாது’ என்று விலகுபவர் கடனை உணர்ந்தவர், வணங்கத்தக்கவர். ‘அது தாழ்ந்தவர் உணவு’ என்று விலகுபவர் விலங்குக்கு எந்த நன்மையும் செய்யவில்லை. மனிதருக்குத் தீமை செய்துவிட்டார். விலகியவரும் கடனிலிருந்து முற்றும் விடுபட்டவர் அல்லர். உழவுக்காக அழிந்த காடும், வயலில் செத்த எலியும் பூச்சியும், பாலுக்காகத் தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட கன்றும் அவர் இலையிலும் இருக்கின்றன. உடம்பெடுத்த யாரும் கடனில்லாமல் உண்பதில்லை.

உண்பவர் செய்யக்கூடியது கடனைக் கூட்டாமல் இருப்பது. இந்தக் குழம்பின் செய்முறையே அதைச் சொல்லிக்கொடுக்கிறது. முழங்கால் கறி விலையுயர்ந்த பாகம் அல்ல. ஓடியாடிய காலின் தசை. தசைநாரும் சவ்வும் நிறைந்து கடினமாக இருக்கும். அவசரத் தீயில் அது இறுகிப்போகும். மெல்லிய கொதியில் நேரம் கொடுத்தால்தான் சவ்வு கரைந்து சாறு கெட்டியாகும், எலும்புக்குள்ளிருக்கும் மஜ்ஜை இளகி வெளியே வரும். கொல்லப்பட்ட விலங்கின் கடினமான பாகத்தையும் வீணாக்காமல் உணவாக்கும் இந்தப் பொறுமை, நல்ல துண்டை மட்டும் தேர்ந்து மீதியைத் தள்ளும் சந்தைப் பழக்கத்துக்கு நேர் எதிரானது. அரைக்கிலோ கறியை ஒரு குடும்பம் முழுவதும் பங்கிட்டுக்கொள்ள முடிவது, பானையின் பெரும்பகுதியைக் காயும் சோளமும் நிறைப்பதால். மெக்சிகோக் கத்தோலிக்க வீடுகளில் தவக்கால வெள்ளிக்கிழமைகளில் இந்தப் பானை அடுப்பேறாது. அன்று கீரையும் மீனும் பருப்பும். இறைச்சி அசுத்தம் என்பதற்காக அல்ல, இயேசுவின் சாவை நினைவுகூரும் நாளில் இன்னோர் உடலை உண்ணாமல் இருப்பதற்காக. தடுத்துவைத்த நாள்கள் இருப்பதால்தான் உண்ணும் நாளுக்கு ஒரு பொறுப்பு வருகிறது.

மெக்சிகோவுக்கு வெளியே, நம் வீடுகளில் இதைச் சமைப்பவர்கள் உண்டு. குவாஹீயோ கிடைக்காமல் காஷ்மீரி மிளகாய் போடுகிறார்கள், கள்ளிப்பழத்துக்குப் பதில் புளியோ மாங்காயோ சேர்க்கிறார்கள். அது அசல் மெக்சிகோக் குழம்பா என்று அவர்களை யாரும் விசாரிக்க வேண்டியதில்லை. அந்தக் குழம்பே கலந்து பிறந்தது. தெரிந்துகொண்டு சமைத்தால் போதும். மிளகாயைத் தந்தது யார், மாட்டுக்காக வயலை இழந்தவர் யார், சுண்ணாம்பின் பயனை முதலில் கண்டறிந்தது யார் என்பதை வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லட்டும். எலும்பில் ஒட்டியதையும் மிச்சம் வைக்காமல் உண்ணட்டும். உண்ண விரும்பாதவர் மறுக்கட்டும், முழு மனத்தோடு மறுக்கட்டும். பக்கத்து வீட்டுப் பானையை மட்டும் தீட்டு என்று சொல்ல வேண்டாம்.